கூடைத் தழும்போடு வந்த மாதா

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நல்லமுத்து தச்சுவேலைக்காரன். லயத்து வீட்டுக் கதவுகளுக்கு ஒட்டுப்போடுவது சம்பளத்துக்கு; மரத்தில் சுரூபம் செதுக்குவது உயிருக்கு. சின்னச் சின்ன அந்தோனியார்கள் எத்தனையோ செய்துவிட்டான். ஆனால் தோட்டத்து மாதா கோயில் பீடத்தில் தன் கைவேலை ஒன்று ஏற வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் கண்ணை மூட வேண்டும் என்று ஒரே வெறி.

போன வருடம் மழையில் சுவர் விழுந்து பழைய சிமெந்து மாதா நொறுங்கிப்போனாள். திருநாளுக்குள் புதிதாகச் செய், சனத்துக்குப் பிடித்தால் ஏற்றலாம் என்றார் கோயில் தலைவர் சுதாகரன். மனுசன் எட்டு மாதம் சோறு தண்ணி மறந்து கிடந்தான்.

கோயிலில் சுரூபத்தை மூடிய துணியை விலக்கியதும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருத்தி சிரித்தாள். மாதாவின் உச்சந்தலையில், தலையில் மாட்டும் கொழுந்துக்கூடைக் கயிறு வருடக்கணக்கில் அழுத்தினால் விழுமே, அந்தப் பள்ளம். முக்காடே அங்கே குழிந்திருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, பாவி. பிறந்ததிலிருந்து அவன் பார்த்த பொம்பளைத் தலையெல்லாம் அப்படித்தான். கை அதையே நம்பிவிட்டது.

கொழுந்துக்காரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாதா இன்றைக்கு எத்தனை கிலோ கொழுந்து எடுத்தாள் என்று கேட்டாள் ஒருத்தி. பொம்பளைகளே முடிவு சொல்லட்டும் என்று சுதாகரன் ஒதுங்கிக்கொண்டார். நல்லமுத்து தன் பெண்சாதி மீனம்மாவைப் பார்த்தான். முப்பது வருடம் கூடை சுமந்தவள், அவளாவது தன் பக்கம் நிற்பாள் என்று நினைத்தான். அவள் எழுந்தாள்.

“நம்மள மாதிரி ஒருத்திகிட்ட நாம என்னத்தக் கேக்கிறது? அவளுக்கே வழியில்லாமத்தான கூடை தூக்கியிருக்கா. செதுக்கி எடுத்துருங்க.”

அங்கேயே, அத்தனை பேர் முன்னால், உளியைக் கையில் கொடுத்தார்கள். பள்ளம் மறைய வேண்டுமானால் சுற்றியுள்ள மரத்தை இறக்க வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பக்கத்திலேயே நின்றாள் மீனம்மா. தலை ஒரு சுற்றுச் சிறுத்துப்போனது. மேலே பளபளவென்று நீலப் பெயின்ட் அடித்தார்கள்.

திருநாளன்று மாதா பீடம் ஏறினாள். ஆசைப்பட்டது நடந்துவிட்டது, அப்புறம் என்ன? கலியாணமான நாளிலிருந்து அவன் வேலையை ஒரு வார்த்தை மெச்சாத மீனம்மா, அன்றைக்கு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிப் பூரித்தாள்.

“பாருங்கடி, அச்சு அசல் கடையில வாங்குன மாதிரியே இருக்கு. எங்க ஆளு செஞ்சது.”

நல்லமுத்து கோயிலுக்குப் பின்னால் போய், தேயிலைக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். வெடிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.