மாடி வகுப்புக்கு நான் எழுதாத பரீட்சை

புத்திசாலிப் பிள்ளை என்றால் யார் என்பதை, சிதம்பரத்தில் அக்கா படித்த பள்ளிக்கூடம் வருஷத்துக்கு வருஷம் மாற்றிக்கொண்டிருந்தது. அக்கா ஆறாவது சேர்ந்தபோது எழுத்துப் பரீட்சை வைத்து, அக்காவையும் சேர்த்து முதல் முப்பது பேரை மாடியில் சிறப்பு வகுப்பு என்று உட்காரவைத்தார்கள். அப்பாவுக்கு அந்த ஊரில் வேலை. கடலூரிலிருந்து தினமும் அவரோடு பஸ்ஸில் போய் வந்தாள். அம்மா இதைச் சொல்லாத சொந்தக்காரர் கிடையாது.

சமச்சீர்க் கல்விப் பேச்சு அடிபட ஆரம்பித்த சமயம், என் முறை வந்தது. என்னைத் தயார் செய்யும் வேலையை அக்காவே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்பப்பா, அப்படி ஒரு வாத்தியாரை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. வாய்ப்பாட்டில் தடுமாறினால் தொடையில் கிள்ளு விழும். சரியாகச் சொன்னால் அவள் பங்கு முறுக்கும் எனக்குத்தான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாடம்: எழுதும்போது இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவள் பார்த்து எழுதினால் நம் இடம் அவளுக்குப் போய்விடும்.

போனால், பரீட்சையே இல்லை. புதிதாக வந்த தலைமையாசிரியைக்கு மனப்பாடப் பிள்ளைகளைப் பிடிக்காதாம். நான்கு நான்கு பேராக ஓர் அறையில் விட்டு, மரக்கட்டைகளைக் கொட்டி, பாலம் கட்டச் சொன்னார்கள். ஓரமாக இரண்டு டீச்சர்கள் உட்கார்ந்து கவனித்தார்கள். நானா ஏமாறுகிறவள்? எட்டிய கட்டைகளையெல்லாம் என் பக்கம் இழுத்து, கையை வளைத்து மறைத்துக்கொண்டு, எனக்கென்று தனிப் பாலம் கட்டி முடித்தேன். மற்ற மூன்று பேரும் வெறுங்கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெருமையாக நான் எந்த அறையிலிருந்தும் வெளியே வந்ததில்லை.

சாயங்காலமே பெயர்களை ஒட்டினார்கள். என்னுடையது இல்லை. மாடி வகுப்பு கிடைக்காவிட்டால் அவ்வளவு தூரம் அனுப்புவதில்லை என்று வீட்டில் முன்பே முடிவு. திரும்பும் பஸ்ஸில் அம்மா அந்தத் தலைமையாசிரியையைப் புதுச்சத்திரம் வரை திட்டிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். என்னால் அவளுக்கு மானம் போய்விட்டது என்று நினைத்தேன். எனக்கே பாவமாகிவிட்டது. கடலூரிலேயே சேர்ந்து நன்றாகப் படிக்கிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

“அதுக்கில்லடி. இனிமே மத்தியானத்துல நீ எங்கூட ஒக்காந்து சாப்புடுவேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”

இதற்குப் போய் யாராவது அழுவார்களா?

“அதான் ராத்திரி வூட்ல ஒண்ணாதானக்கா சாப்புடுறோம்” என்றேன்.

அக்கா என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பேச்சில் நான்தான் ஜெயித்தேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். முப்பது புத்திசாலிகள் இருக்கும் வகுப்பில், ஒருத்தி இரண்டு வருஷமாகத் தனியாக உட்கார்ந்து சாப்பிட முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.