வருகிறவருக்குத் தேதி இல்லை

அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்ப்பவனுக்கு யார் பிறந்தாலும் வேலை, யார் செத்தாலும் வேலை, யார் வருவதாகச் சொன்னாலும் வேலை. கம்ப்யூட்டர் முன்னால் முதுகொடிந்த சக பாவிகளே, திருத்தங்கலில் நான் பட்டதைக் கேளுங்கள்.

மேடை எங்கன?

சாத்தூர் பக்கத்துச் சின்னச் சபை ஒன்றின் பாஸ்டர், ‘இயேசு சீக்கிரம் வருகிறார்’ என்று போஸ்டர் கேட்டார். என் கையோ கட்சிப் போஸ்டர் அடித்தே பழகிய கை. ‘வருகிறார்’ என்று கண்ணில் பட்டாலே போதும், இரண்டு பக்கமும் ‘வருக! வருக!’, கீழே இடம், நாள், நேரம் என்று தானாக ஓடிவிடும். அந்த மூன்றும் காலியாக நின்றதால் பாஸ்டருக்குப் போன் போட்டு, “ஐயா, என்னைக்கு வாராரு? மேடை எங்கன போடுறீக?” என்று கேட்டேன்.

“தம்பி, அது தெரிஞ்சா போஸ்டர் எதுக்கு? நான் மொத ஆளாப் போயி நின்னுருக்க மாட்டேனா?”

எதை நம்ப?

போஸ்டர் மை காய்வதற்குள், அடுத்த வருஷத் தினசரிக் காலண்டருக்கும் அவரே ஆர்டர் கொடுத்தார். எங்கள் முதலாளி முருக பக்தர். ஆனால் எந்தச் சாமி சொன்னதையும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார். போஸ்டரை ஒரு கையிலும் காலண்டர் மாதிரியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே கலங்கிப்போய்க் கேட்டார்.

“ஐயா, சீக்கிரம் வாராருன்னும் நீங்கதான் சொல்றீக, அடுத்த டிசம்பர் வரைக்கும் தாளும் கேக்கீக. இதுல எதை நம்பி நான் பேப்பர் லோடு இறக்க?”

ஒரு வார்த்தை

அதே சபையைச் சேர்ந்தவர் எஸ்தர். கணவர் தாவீது பட்டாசுக் கம்பெனி விபத்தில் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது என்று நினைவஞ்சலி கார்டு அடிக்க வந்தார். எங்களிடம் எல்லா மதத்துக்கும் ஒரே வாசகம்தான், பேரை மட்டும் மாற்றுவோம். ‘எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்ற’ என்ற வரியில் அவர் விரல் நின்றது. மீளா என்றால் என்ன என்று கேட்டார். “அதுல இருந்து வெளிய வரவே முடியாதுன்னு அர்த்தம்மா” என்றேன்.

“துயரம் இருக்கட்டும்ணே, அது இருக்கத்தான செய்யுது. மீளாவ மட்டும் எடுத்துருங்க. இயேசு வந்ததும் எல்லாரும் அவர்கிட்டதான போயிச் சேரப் போறோம்?”

சிரிப்பு

படத்துக்குக் கம்பெனி அடையாள அட்டை ஒன்றுதான் இருந்தது. அதில் தாவீது போட்டோகிராபரை அடிக்கப் போவதுபோல் முறைத்துக்கொண்டிருந்தார். “இயேசு பக்கத்துல இந்த மூஞ்சியோடயா இருப்பாக? கொஞ்சம் சிரிக்க வைங்கண்ணே” என்றார் எஸ்தர்.

உதட்டை இழுத்துவிட்டேன். யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளையின் பல்லை எடுத்து ஒட்டினேன். தேர்தலில் நிற்கலாம், அப்படி ஒரு சிரிப்பு. திரையைப் பார்த்த எஸ்தர், அதுவரை அழாதவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவசரமாகப் பழைய முகத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“இதே இருக்கட்டும்ணே. இயேசு என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டுருவாரு. அம்புட்டுக் கூட்டத்துல இந்த மனுசன நான்தான அடையாளம் கண்டுபிடிக்கணும்?”

ஆகக்கூடி, வருகிறவருக்குத் தேதி இல்லாமலும் போனவருக்குச் சிரிப்பு இல்லாமலும் நான் அடித்துக் கொடுத்த ஆர்டர்களில் மட்டும்தான் இன்றுவரை யாரும் பிழை சொல்லவில்லை.