இழுக்கவிடாத கயிறு

ஓசூரில் எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு லைனுக்கும் மேலே, கை எட்டும் உயரத்தில், பச்சை நைலான் கயிறு ஒன்று ஓடும். வேலையில் பிசகு கண்டவர் அதை இழுத்தால் லைன் நிற்கும். குழந்தைப் பொம்மையிலிருந்து வருவதுபோல ஒரு சின்ன இசை ஒலிக்கும். நேற்றுகூட மூன்று தடவை ஒலித்தது. சூப்பர்வைசர் என்ற முறையில் நான்தான் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். ஓடுகிறேன். ஐம்பதைத் தொடும் வயதில் என் தொப்பை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. காது மடல் சூடாவதற்கு மட்டும் அந்த ஓட்டம் காரணமில்லை. கயிறு கட்டிய முதல் நான்கு மாதம் ஒருவரும் அதைத் தொடவில்லை. தொடவிடாமல் செய்தவன் நான்.

கயிற்றோடு ஜப்பானிலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மாவும் வந்திருந்தார். காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டுவது எங்கள் வேலை. லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஊத்தங்கரை, திண்டிவனம் பக்கமிருந்து வந்து விடுதியில் தங்கிய பெண்கள். அம்மா ஆங்கிலத்தில் சொல்வார். நான் தமிழில் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டைக்காரனான என்னை இதற்குப் பொறுக்கியெடுக்க வைத்த ஒரே தகுதி, நான் வாயை மூடுவதில்லை என்பது. முதல் நாள் அவர் கயிற்றைக் காட்டி, பிசகு தெரிந்தால் உடனே இழுங்கள், யாரும் திட்டமாட்டார்கள் என்றார். அவர் பேசியதில் எனக்கு முழுசாகப் புரிந்த வாக்கியம் அது ஒன்றுதான். ஆனால் லைன் நின்றால் அன்றைய உற்பத்தி குறையும், மேனேஜர் என்னைப் பிடிப்பார். எனவே, "இது ரொம்ப அவசரத்துக்கு மட்டும். இழுத்தா ஏன் இழுத்தோம்னு எழுதிக் குடுக்கணும்" என்று தமிழாக்கினேன். பெண்கள் தலையாட்டினார்கள். அம்மா மகிழ்ந்து அவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார்.

மாதங்கள் போயின. கயிற்றில் தூசி படிந்தது. அம்மா குறையைத் தன் பக்கமே தேடினார். தங்கள் மொழி பேசாத ஒருத்தியை இந்தப் பெண்கள் எப்படி நம்புவார்கள்? ஆகவே ஹோட்டலை விட்டு ஊருக்குள் ஒரு வீட்டில் தங்கித் தமிழ் படிக்கப்போவதாக அறிவித்தார். நான் இரண்டு நாள் மோர் மட்டுமே குடித்துக்கொண்டு, இவர் தமிழ் பேசி, பெண்கள் பதில் சொல்லி, என் குட்டு உடைவதை மனக்கண்ணில் பல கோணங்களில் பார்த்தேன். மூன்றாம் நாள், வீடு பார்த்துத் தருவது என் பொறுப்பு என்று முன்வந்தேன்.

மூக்கண்டப்பள்ளியில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, மாடி அறையை வாடகைக்கு விடுபவர். வீட்டில் கன்னடம், சம்பந்தி வீட்டாரோடு தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ். அவரிடம், அந்தம்மா கன்னடம் படிக்க வந்திருக்கிறார், வேறு மொழி வாயில் வரக்கூடாது என்றேன்.

"ஃபேக்டரியில எல்லாரும் தமிழ்தான பேசறீங்க, கன்னடம் எதுக்கு சார்?"

"பெங்களூருக்கு மாத்தப்போறாங்கக்கா."

எத்தனை நாள் தாங்கும் என்று யோசிக்கிற புத்தி பயந்தவனுக்கு ஏது?

அம்மா சமையலறையில் சம்மணம்போட்டு அவரைக்காய் நறுக்கியபடி படித்தார். கதவு, மிக்ஸி, கேஸ் சிலிண்டர் என்று எல்லாவற்றிலும் தன் எழுத்தில் பெயரெழுதிய சீட்டை ஒட்டினார். நாற்காலியில் அசந்து தூங்கிய அக்கா வீட்டுக்காரர் சட்டையிலும் ஒன்று இருந்ததாம். லைனில் காதில் விழும் பேச்சு வேறு மாதிரி இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டார். அது ஃபேக்டரித் தமிழ் என்றேன். ஊரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஓசூரில் எந்த மொழியில் கேட்கிறீர்களோ அந்த மொழியிலேயே பதில் வரும். சந்தையில் கீரைக்காரர் கன்னடத்தில் விலை சொன்னார். பூக்காரம்மா கன்னடத்தில் நலம் விசாரித்தார். மறுநாள் காலை அம்மா என்னிடம் ஓடிவந்து, நேற்று ஆறு பேரோடு தமிழ் பேசினேன் என்று விரல்விட்டுச் சொல்வார். நான் கைதட்டினேன். ஒரு ஊரின் மரியாதையை எடுத்து என் பொய்க்குப் போர்த்திவிட்டுக் கைதட்டினேன்.

ஆறு வாரம் கழித்து, காலைக் கூட்டத்தில், என்னைப் பேசவேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு அவரே முன்னால் வந்தார். நோட்டை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"ஹக்க எளீரி. யாரூ பையல்ல."

கயிற்றை இழுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். அவ்வளவுதான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அம்மாவின் முகம் சிவந்தது. நான் தப்பித்தேன் என்றே நினைத்தேன். இப்போது எழுதக் கூசுவது அந்த ஒரு நொடி நிம்மதியைத்தான். ஏனென்றால் மூன்றாவது வரிசையில், கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நின்றாள். வீட்டில் பேசுவது கன்னடம். அவள் அம்மாவுக்குக் கன்னடத்திலேயே ஏதோ பதில் சொன்னாள், நீளமாக. அதில் 'தமிழல்ல' என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார், இந்தம்மா தாராளமா இழுங்கங்குது. நீங்க எழுதிக் குடுக்கணும்னுதான சொன்னீங்க?"

அவள் நேரே போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். முதன்முதலாக அந்த இசை ஒலித்தது.

அம்மா மேனேஜரிடம் போகவில்லை. போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மதியம் என் மேசைக்கு வந்து, தான் கற்ற மொழியின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். கன்னடம் என்றேன். நோட்டு அட்டையில் அதை எழுதிக்கொண்டார். அடுத்த நாள் புதிய நோட்டு ஒன்றை என் முன்னால் விரித்து, அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு லைனைக் கைகாட்டினார். அத்தனை பெண்கள் முன்னால் நின்று, நான்கு மாதத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். நான் வாய் திறந்தாலே சிரிக்கிறவர்கள், அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் ஊர் திரும்பிப் பல வருடமாகிவிட்டது. நேற்று மூன்றாவது தடவை கயிற்றை இழுத்தவள் போன வாரம் சேர்ந்த பெண். மூச்சு வாங்க நான் போய் நின்றபோது, பிசகிய வயரைக் காட்டாமல் என் முகத்தையே பார்த்தாள். "யாரும் திட்டமாட்டாங்கம்மா" என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தளிக்காரி, இப்போது அந்த லைனுக்கு லீடர்.

"இன்னிக்கு மாத்தாம சொல்லிட்டீங்க, சார்."