அயர்லாந்து அரசர்களை மாத்தளைக்கு அழைத்து வந்தவர்

யட்டவத்தையில் ஒரு வீட்டு முற்றத்தில் காயப்போட்ட மிளகைக் கையிலெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. யோகேஸ்வரி மிஸ்ஸின் கணவர் சிவநாதன் ஐயாதான் போனில் அழைத்தார். முஸ்லிம் என்பதால் நான் அவருக்கும் 'நானா', அதாவது அண்ணன். "நானா, யோகா போயிட்டா" என்றார். பிறகு தொடர்ந்தார்: "அழாதீங்க. அவ வெண்டுட்டுத்தான் போனா." நான் அழத்தான் செய்தேன். ஆனால் ஐயா சொன்னது உண்மை. மிஸ் எதை வென்றார் என்பதை, அவரோடு விளையாடித் தோற்ற உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

மிஸ் என்று அழைத்தாலும் அவர் டீச்சர் இல்லை, நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர். வடக்கிலிருந்து வந்த குடும்பம். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் மாத்தளை டவுன். பேச்சும் எங்கள் ஊர்ப் பேச்சு. அவர் ஓய்வு பெற்ற பிறகு, வெளிநாட்டிலிருக்கும் தம்பி ஒரு பலகை விளையாட்டை அனுப்பிவைத்தார். பழங்கால அயர்லாந்தின் வரைபடம், அதில் ஆளுக்கொரு நாடு. தாயக்கட்டை கிடையாது. அரசர்கள் இரண்டிரண்டு பேராக ஒதுங்கிப் பேசி உடன்பாடு செய்துகொள்வார்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் படை போகும் இடத்தைத் துண்டுத்தாளில் எழுதி மடித்து வைக்க, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரிப்பார்கள். யார் யாரை ஏமாற்றினார் என்பது அப்போதுதான் தெரியும்.

இதன் விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி நம் ஆட்களை விளையாட வைப்பேன் என்று மிஸ் கிளம்பினார். நான் உக்குவளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவன். எனக்கு இது வேண்டாத வேலையாகப் பட்டது. "எதுக்கு மிஸ் அயர்லாந்து? நம்ம ராஜாக்கள வைங்களேன்" என்றேன். "எங்கட ராஜாக்கள வச்சா மேசையில நெசமாவே சண்டை வரும் நானா. அயர்லாந்து ராஜாவுக்கு இந்த ஊர்ல சொந்தக்காரங்க இல்ல. நிம்மதியா அடிச்சிக்கலாம்" என்றார்.

பௌர்ணமிப் போயா விடுமுறைகளில் அவர் வீட்டில் கூடினோம். அங்கேதான் வந்தது வினை. யாருமே ஏமாற்றவில்லை! நான் கொனாக்ட் நாட்டு அரசன், மிஸ் மீத் நாட்டு அரசி. "உங்க எல்லைக்கு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவருடைய கோட்டை காவலில்லாமல் கிடந்தது; நான் போகவில்லை. என் வியாபாரமே வாய்ச்சொல்லில் நடக்கிறது. கடைக்கு ஒரு வாய், விளையாட்டுக்கு ஒரு வாய் என்று வைத்துக்கொள்ள என்னால் முடியாது. மற்றவர்களும் அப்படியே. பொழுது சாயும்வரை படத்தில் ஒரு படையும் அசையவில்லை, வடைதான் தீர்ந்தது.

மிஸ்ஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாரும் நல்லவங்களா இருந்தா விளையாட்டு எப்பிடி முடியும்?" என்று கத்தினார். பிறகு அவரே தணிந்து, "ஆக்கள மாத்த ஏலாது. சட்டத்தத்தான் மாத்தணும்" என்றார்.

வழி கிடைத்தது ஊர்க்கதை பேசும்போது. எங்கள் சொந்தத்தில் பேசிவைத்த ஒரு கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் வாங்கிய சீரையெல்லாம் தட்டில் வைத்து, ஊர் பார்க்கக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார்கள். "அதுக்குப் பொறகுதான் மிஸ் ரெண்டு வீடும் வாயத் தொறந்து சண்டை பிடிச்சாங்க. அதுவரைக்கும் ஒரு சொல் இல்ல" என்றேன். மிஸ் தேநீர்க் கோப்பையை டக்கென்று கீழே வைத்தார். "அதுதான் நானா! திருப்பிக் குடுத்துட்டா சண்டை பிடிக்கலாம்!"

அந்தக் கால அயர்லாந்து அரசர்கள் உடன்பாட்டுக்குத் தம் பிள்ளைகளையே பிணையாகக் கொடுத்தார்களாம். மிஸ் அதைப் பிடித்துக்கொண்டார். உடன்படும் இருவரும் ஆளுக்கொரு சட்டைப் பொத்தானைப் பிணையாள் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். பிணையாள் கையில் இருக்கும்வரை தாக்கக் கூடாது. தாக்க ஆசையா? எல்லோர் முன்னும் திருப்பிக் கொடு, அடுத்த முறை படை நடத்து. அன்றைக்கு மிஸ்ஸின் பொத்தானை அவரிடமே கொடுத்துவிட்டு மீத் நாட்டைப் பிடித்தேன். தோற்ற அரசி எழுந்து கை தட்டினார்.

அதற்குப் பிறகுதான் கண்டி ஆஸ்பத்திரியில் அவருடைய நோய்க்குப் பெயர் சொன்னார்கள். மிஸ்ஸுக்கு ஒரே ஆசை இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் அவர் எழுதிய விதித்தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டத்தை முடிக்க வேண்டும். "என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாலும் தோல்விதான். திருப்பி எழுத எனக்கு நேரம் இல்ல நானா" என்றார். அதைச் சாதாரணமாகச் சொன்னார்.

மாத்தளையில் ஒரு மண்டபத்தில் தெரியாதவர்களைக் கூட்டி உட்கார வைத்தோம். மிஸ் ஓரமாக, முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். மத்தியானத்துக்கு மேல் தம்புள்ளைச் சிங்கள மரக்கறி வியாபாரி குணபால முதலாளி திணறிப்போனார். எதிரே உட்கார்ந்து ஆடிய ஒரு நர்ஸம்மாவின் நாட்டைத் தாக்க வேண்டும், ஆனால் அவருடைய பொத்தான் இவர் கையில். முதலாளி திரும்பி மிஸ்ஸைப் பார்த்தார். பஸ் கண்டக்டர்களையே வாயடைக்க வைத்த மிஸ், சேலைத் தலைப்பால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். முதலாளி விதித்தாளை இழுத்து முணுமுணுத்துப் படித்தார். பிறகு எழுந்து நின்றார். வெற்றிலை கொடுப்பதுபோல இரண்டு கைகளாலும் பொத்தானை நீட்டி, நர்ஸம்மாவிடம் அழகான தமிழில் சொன்னார்: "நோனா, உங்க மகனக் கூட்டிட்டுப் போங்க. நான் நாளைக்கு வாறேன்."

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. ஆட்டம் முடிந்து, நர்ஸம்மா பேரரசியானார். யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழும்பி நிக்கச் சொல்லி நான் எழுதல்ல. ரெண்டு கையால குடுக்கச் சொல்லியும் எழுதல்ல. அவரே சேர்த்துக்கிட்டார். இனி இது என்ட விளையாட்டு இல்ல நானா. வெண்டுட்டேன்!"

மிஸ் போனபின் ஒருநாள் காய்கறி மொத்தச் சந்தையான தம்புள்ளைப் பொருளாதார மையத்துக்குப் போயிருந்தேன். லொறிகளுக்கு நடுவே மரப்பெட்டிகளைக் கவிழ்த்து, அதன்மேல் அந்தப் படத்தை விரித்து நாலைந்து பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பொத்தானோடு எழுந்து நின்றார். பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரிடம் இது என்ன என்று கேட்டேன். "தெரியாதா நானா? இது எங்கட தம்புள்ளை ஆக்கள் உண்டாக்கின விளையாட்டு" என்றார் பெருமையாக. மிஸ்ஸின் பெயர், அவர் வீடு, அந்த வடை எல்லாம் என் நாக்கு நுனிவரை வந்தன. வாயைப் பொத்திக்கொண்டேன். மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். சந்தோஷம் தாங்காமல் கண் நிறைந்தது.

"வாங்களேன், ஒரு ராஜா குறையுது" என்று கூப்பிட்டார்கள். பெட்டியொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எனக்கு விளையாடத் தெரியாது" என்றேன். "சொல்லித் தாங்க."