தங்கமீனுக்கு ஊற்றிய சுடுதண்ணீர்

என் மனைவி அந்த இரண்டு தங்கமீன்களையும் நீர்கொழும்பிலிருந்து நுவரெலியா வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தாள். அவள் நீர்கொழும்புக்குப் பக்கத்தில், கட்டுநாயக்காவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தீபாவளி, பொங்கல் என்று லீவு கிடைத்தால்தான் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு வருவாள். அந்தத் தீபாவளிக்கு மூன்றே நாள் இருந்தாள். திரும்பிப் போகிற காலையில், அப்போது எட்டு வயதாகியிருந்த எங்கள் மகள் அவளுடைய துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாள்.

"அழாத தங்கம். இந்த ரெண்டு மீனும் இருக்குல்ல? இது இருக்குற வரைக்கும் அம்மா ஒங்கூடவே இருக்கேன்னு நெனச்சுக்க. பொங்கலுக்கு வந்துர்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. பஸ் நிற்கிற சந்தி வரைக்கும் அவளோடு சண்டை பிடித்துக்கொண்டே நடந்தேன்.

"என்ன பேச்சு பேசுற நீ? நாளைக்கு மீனு செத்துப்போச்சுன்னா புள்ள என்னான்னு நெனைக்கும்?"

"அதான் நீங்க இருக்கீங்கல்ல. பாத்துக்க மாட்டீங்களா?" என்று சிரித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். பொங்கலுக்கு இரண்டரை மாதம் இருந்தது. அதுவரைக்கும் அந்த இரண்டு உயிரும் என் பொறுப்பு.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். தோட்டத்தில் அதை ஸ்டோர் என்போம். அங்கே கொழுந்தைக் காயவைக்கும் மெஷினுக்குச் சூடு பார்ப்பதுதான் என் வேலை. பதினாறு வருடம். சூடு இறங்கினால் அடுப்பில் விறகைத் தள்ளுவேன், ஏறினால் கதவைத் திறப்பேன். மெஷின் தகட்டில் கையை வைத்தே சொல்லிவிடுவேன், மீட்டரைப் பார்க்கத் தேவையில்லை. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவே பலமுறை பார்த்து அசந்திருக்கிறார். சூட்டைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை ஒரு தொல்லையும் இல்லை. வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு முன் காம்பராவில், அதாவது முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே கண்ணாடித் தொட்டி இருந்தது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். டீச்சர் யாரை அடித்தார், யார் பென்சிலை யார் எடுத்தது எல்லாம் மீன்களுக்குத்தான் முதலில் சொல்லுவாள். எனக்கு மிஞ்சினதுதான் கிடைக்கும்.

மார்கழி பாதி கடந்ததும் குளிர் இறங்கியது. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாய்ப் பனி விறைத்துக் கிடக்கும். மீன்கள் இரண்டும் தொட்டியின் அடியில் போய் அசையாமல் கிடந்தன. தீனி போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா, அதுக்குக் குளிருதுப்பா" என்றாள் மகள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. நீர்கொழும்பு மீன், வெயிலில் பிறந்தது, நம்ம ஊர்க் குளிரை எப்படித் தாங்கும்? கொழும்பிலிருந்து வருகிற மனுஷனே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பல்லைக் கடிக்கிறான். இங்கே எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான். பிள்ளை பெற்றவளுக்குச் சுடுதண்ணீர், கோழிக்குஞ்சுக்கு மேலே பல்பு, காய்ச்சல்காரனுக்கு அடுப்படி. பிறகு மீனுக்கு மட்டும் என்ன தனி நியாயம்?

கொழுந்து வாடப்போடுகிற மாடியில் சும்மா தொங்கிய பழைய வெப்பமானி ஒன்றை டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்கி வந்து தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். எட்டு டிகிரி. அடடா, ஐஸ் தண்ணியில்லையா இது! கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, மீன்களை ஒரு சட்டிக்கு மாற்றி, தொட்டியில் சுடுதண்ணீரைக் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்தேன். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதமான சூடு. மீன்களை விட்டேன். விட்டதுதான் தாமதம், இரண்டும் அம்பு மாதிரிப் பாய்ந்தன. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மகள் கைகொட்டிக் குதித்தாள்.

"பாத்தியா? அப்பாவோட கை பட்டா எப்பிடின்னு" என்றேன்.

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர் அவர். நான் விடியவே வேலைக்குப் போய்விடுவதால் மகளுக்குத் தலைசீவி பள்ளிக்கூடம் அனுப்புவது அவர்தான். "பொழைச்சிக்கிருச்சே தம்பி!" என்று அவரும் சந்தோஷப்பட்டார்.

தண்ணீர் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும், மீன்கள் மறுபடி அடிக்குப் போய்விடும். நான் மறுபடி ஊற்றுவேன். காலையில் ஒரு கேத்தல், வேலை விட்டு வந்து ஒரு கேத்தல். நான்கு நாள் இப்படிச் செய்தேன். ஐந்தாம் நாள் பெரிய மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம். மிச்சமிருந்த சின்ன மீனையே பார்த்துக்கொண்டு, "இது போதும்ல அப்பா? ஒண்ணு இருந்தாலும் அம்மா இருக்கிற மாதிரித்தானே?" என்று கேட்டாள்.  அன்றைக்கே அவளையும் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன்.

டவுனில் வளர்ப்பு மீன் விற்கிற முதலாளி சிங்களவர், வயதானவர். நான் பெருமையாய் என் வைத்தியத்தைச் சொல்லச் சொல்ல அவருடைய முகம் மாறியது. தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயோ மல்லி! இது சீத்தல மாளு" என்றார். தம்பி, இது குளிர்த் தண்ணீர் மீன் என்கிறார். பிறகு எனக்காகத் தமிழும் சிங்களமும் கலந்து சொன்னார். குளிருக்கு அது அடியில் போய்ச் சும்மா கிடக்கும், சாப்பாடு குறைக்கும், அது நோய் இல்லை. அதன் பூர்வீக ஊரில் இதைவிடக் குளிர். திடீரென்று சூடாக்கி, திடீரென்று ஆறவிட்டால்தான் செத்துப்போகும். சூட்டுத் தண்ணீரில் அதற்கு மூச்சு விடக் காற்றுப் போதாது. மேலே வந்து வாயைத் திறந்தது சந்தோஷத்தில் இல்லை, மூச்சு முட்டி.

"இனிமே என்னா செய்றது?" என்று கேட்டேன்.

"முகுத் கரன்ன எப்பா." ஒன்றும் செய்யாதே. தொட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி வை, ஒரு துணியைப் போர்த்து, கையை எடுத்துவிடு. அவ்வளவுதான்.

மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "நம்மதான் கொன்னோமா?" என்றாள். "நாந்தாம்மா, நீ இல்ல" என்றேன். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை போயும் போயும் ஒரு மீனைச் சுட்டது.

ஆனால் லயத்துக்கு வந்ததும் அக்கா, "என்ன தம்பி, எப்பிடிச் செத்துச்சாம்?" என்று கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. பதினாறு வருடம் சூடு பார்க்கிறவன் சூட்டாலேயே மீனைக் கொன்றான் என்றால் நாளைக் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள்.

"குளிருதான்க்கா. தாங்கல" என்றேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். 

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குப் பெரிய தண்டனை. ஸ்டோரில் சூடு இறங்கினால் விறகு இருக்கிறது, ஏறினால் கதவு இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது? அடியில் ஒரு மீன் கல்லாய்க் கிடக்கிறது. உயிர் இருக்கிறதா என்று செவுளைப் பார்க்க வேண்டும். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தால் ஒரு தடவை அசையும். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் மூச்சு வரும். கேத்தல் பக்கம் கை தானாகப் போகும், இழுத்துக்கொள்வேன். மகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்பாள். "இன்னும் எத்தன நாளுப்பா?" என்பாள். பொங்கலுக்கு ஆறு நாள், ஐந்து நாள் என்று சொல்வேன். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது என்றைக்கும் இல்லாத பனி விழுந்தது. நான் விடியவே வேலைக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பினேன். வாசலிலேயே அக்கா சிரித்த முகமாய் நின்றார்.

"தம்பி, நல்லவேள நான் எட்டிப் பாத்தேன். குளிருல வெறச்சுப்போய்க் கெடந்துச்சு. இதும் அது மாதிரிப் போயிருமேன்னு ஒரு கேத்தல் சுடுதண்ணி ஊத்துனேன். அப்பப்பா, என்னா ஆட்டம்! துள்ளித் துள்ளி மேல வந்துச்சு. இப்பத்தான் அசந்து தூங்குது."

உள்ளே ஓடினேன். தொட்டி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மீன் சாய்ந்து கிடந்தது.

திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. எந்த வாயால் திட்டுவேன்? குளிரில் செத்தது என்று சொன்னவன் நான்தானே. கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான், என் புளுகு அதற்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்த மனுஷி பிள்ளைக்காகத் தன் விறகை எரித்துத் தண்ணீர் காய்ச்சியிருக்கிறார். "நல்லதுக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் போன பிறகு சுவரில் சாய்ந்து அழுதேன்.

மகள் வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், விரலை விட்டுத் தண்ணீரைத் தொட்டாள். "சுடுதுப்பா" என்றாள்.  பின்னால் போய் அவளே ஒரு தேயிலைச் செடிக்குக் கீழே குழி தோண்டினாள்.

ஆறு மணிக்கு அவளுடைய அம்மா வீடியோ கோல் எடுத்தாள். மீனைக் காட்டு என்று கேட்டால் என்ன செய்வது என்று போனைத் தொட்டிப் பக்கம் திருப்பாமல் பிடித்தேன். அவள் மீனைக் கேட்கவில்லை. போர்டிங் அறையில் உட்கார்ந்து ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"இங்க வேக்காடு தாங்கலடி தங்கம். ஃபேனும் வேல செய்யல. ஒங்களுக்கென்ன, சொகமா குளிருல இருக்கீங்க."

மகள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"அம்மா, மூச்சு முட்டுதா?"

"ஆமாடி, வாயத் தெறந்துக்கிட்டுத்தான் கெடக்கோம்" என்று அவள் வாயை மீன் மாதிரித் திறந்து மூடிக் காட்டிச் சிரித்தாள்.

மகள் வீறிட்டுக் கத்தினாள். போனை என் கையில் திணித்தாள்.

"அப்பா, அம்மாவ வரச் சொல்லுங்க! பொங்கலுக்கு வேணாம், இப்பவே வரச் சொல்லுங்க!"

திரையில் அவள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க, என்ன ஆச்சு புள்ளைக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.