விசாரணைக்காரர் அரண்மனை பார்த்த கதை

பேருந்து நிலையத்தின் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவர் அவர். நடத்துநர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவர் 'விசாரணை'தான். கேள்வி கேட்கிற முகங்களையே பார்த்துப் பார்த்து, கேட்பது என்பதே புத்தியில்லாதவர்கள் செய்கிற வேலை என்று அவருக்குள் ஊறிப்போயிருந்தது. ஜன்னலுக்கு மேலே பேருந்து நேரங்களைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார். அதில் பாதி வண்டிகள் ஓடுவதை நிறுத்தி எத்தனையோ நாளாகிவிட்டது. யாராவது குனிந்து கேட்டால் நிமிராமலே, "மேல எழுதியிருக்குல்ல, கண்ணு எதுக்கு இருக்கு?" என்பார். கேட்டவர் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய வண்டி முதுகுக்குப் பின்னால் கிளம்பிப் போகும். அதை இவர் பார்ப்பார். வாயைத் திறக்கமாட்டார்.

அந்த மனிதர் ஒரு வாரம் விடுப்புப் போட்டு, மனைவியையும் அவள் தம்பியையும் மதில் சூழ்ந்த ஒரு பழைய நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கூட்டிக்கொண்டு வந்தார் என்பது ஒரு பேச்சுக்கு. அறை பிடித்தது, ரயிலுக்குப் பதிவு செய்தது எல்லாம் மைத்துனன். இவர் பெட்டியோடு பெட்டியாக வந்து சேர்ந்தார். வந்ததிலிருந்து மின்விசிறி கடகடக்கிறது, தலையணை கல்லாக இருக்கிறது, தெருக்கள் குடல் மாதிரி சுருண்டு கிடக்கின்றன என்று குறை. "ஒரு தெருவ நேரா போடத் தெரியாதவன்லாம் ராஜா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இத்தனை நாளையும் தூங்கித் தீர்த்தார்.

மனைவிக்கு இந்த ஊரில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவள் சீருடை தைக்கும் கடையில், அவளுடைய மிஷினுக்கு எதிரே ஒரு பழைய காலண்டர் படம் ஒட்டியிருந்தது. தரைக்கு அடியில் ஒரு மண்டபம், சுற்றிலும் தூண்கள், கூரையில் ஒரு துளை, அதன் வழியாக இறங்கும் வெளிச்சம். வெளிச்சம் போய் விழுகிற இடத்தில்தான் தேதித் தாள்களை ஒட்டியிருந்தார்கள். வருடம் முடிந்து அவற்றைப் பிய்த்தபோது அந்த இடமும் கூடவே பிய்ந்து வந்துவிட்டது. அங்கே என்ன இருக்கும்? காலர் திருப்பும்போதெல்லாம் அவள் யோசிப்பாள். தண்ணீரா, சிலையா, கல்லறையா? அந்த மண்டபம் இந்த ஊர் அரண்மனைக்கு அடியில் இருந்தது. உச்சிவெயில் நேரத்தில் கொஞ்சப் பொழுதுதான் வெளிச்சம் உள்ளே இறங்கும். அன்று கடைசி நாள். சாயங்காலம் ரயில்.

"இன்னிக்காவது போயிரலாங்க," என்றாள் காலையில்.

"போகலாம், போகலாம். அரண்மனை எங்க ஓடிப் போகப்போகுது?"

"அரண்மனை ஓடாது மாமா. வெயில் ஓடிரும்," என்றான் தம்பி.

தெருக்கள் மூன்றாகப் பிரியும் இடத்தில் மைத்துனன் பஞ்சர் கடைக்காரரிடம் வழி கேட்கப் போனான். விசாரணை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எவன்கிட்டயும் பல்லக் காட்டாத. அம்புக்குறி போட்டிருக்கான் பாரு."

அம்புக்குறி இருந்தது. ஏதோ லாரி இடித்து, கம்பம் சாய்ந்து முகம் திரும்பி நின்றது.

"கம்பமே திரும்பியிருக்கு மாமா."

"அது ஒழுங்காத்தான் நிக்குது. நீதான் கோணலா நிக்கிற."

அம்பு காட்டிய சந்தில் நடந்தார்கள். சந்தின் பாதியை ஈரத்துணிகள் அடைத்திருந்தன. சந்து முடிந்த இடத்தில் மதிலோடு ஒட்டிய பழைய வளைவு ஒன்றும், அதற்கு முன்னால் நீண்ட வரிசையும் இருந்தன. விசாரணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைசியில் போய் நின்றார்.

"கூட்டம் சும்மா நிக்குமா? இதான் வாசல்."

மனைவி வரிசையை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளைகுட்டியோடு ஒருவரும் இல்லை. ஒவ்வொருவர் அக்குளிலும் ஒரு பழுப்பு உறை.

"எல்லாரும் கவர் வச்சிருக்காங்களே, என்னன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"டிக்கெட்டா இருக்கும். கேட்டா வெளியூர்னு தெரிஞ்சுக்குவான். தலையில மிளகா அரைச்சிருவான்."

"நாம வெளியூர்தானே மாமா," என்றான் தம்பி.

"வெளியூருன்னா நெத்தியில எழுதி ஒட்டிக்கணுமாடா?"

வரிசை நத்தையாக நகர்ந்தது. மனைவி தன் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது குறுகிக் குறுகிக் காலடிக்கு வந்தபோது சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் போறேங்க."

கல்யாணம் ஆன நாளாக அவர் நிறுத்திய இடத்தை விட்டு அவள் நகர்ந்ததில்லை. இப்போது விறுவிறுவென்று நடந்து, சந்து தொடங்கும் முனையில் பஞ்சர் கடைக்காரருக்கு முன்னால் குனிந்து ஏதோ கேட்டாள். தன் ஜன்னலுக்கு வெளியே தினமும் பார்க்கிற அதே குனிவு. அதைத் தன் வீட்டுப் பெண்ணிடம் பார்க்க விசாரணைக்கு அருவருப்பாக இருந்தது. கடைக்காரர் எதிர்த்திசையில் கையை நீட்டினார். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

"வர்றீங்களா மாமா, இல்ல குடும்பத்துக்கு இங்கயே குடிசை போடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அக்கா பின்னால் ஓடினான் தம்பி.

"நீங்க ஊரெல்லாம் அலைஞ்சிட்டு வாங்க. நான் உள்ள இருப்பேன்," என்று விசாரணை அவன் முதுகைப் பார்த்துக் கத்தினார்.

ஒருவழியாக அவர் முறை வந்தது. உள்ளே தூண்களும் இல்லை, துளையும் இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்த ஓர் அறை, ஒரு மேஜை, அதற்குப் பின்னால் தூக்கம் கலையாத குமாஸ்தா.

"கோட்டுல நில்லுங்க. இடது கண்ண மூடுங்க. வாசிங்க."

எதிர்ச் சுவரில் எழுத்துகள் பெரிதில் தொடங்கிச் சிறிதாகிக்கொண்டே போயின. எதற்கு என்று கேட்டிருக்கலாம். விசாரணை கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரி வரை கணீரென்று வாசித்தார். பிறகு அடுத்த கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடியும் வாசித்தார். பழைய கட்டடத்துக்குள் போகிறவர்களுக்குப் பார்வை சரியாக இருக்கவேண்டும் போலிருக்கிறது என்று ஒரு சமாதானம்கூட அவருக்குத் தோன்றியது.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. கவரக் குடுங்க."

"கொண்டு வரல."

"லைசென்ஸ் எடுக்க வந்துட்டு கவரில்லன்னா எப்படி? என்ன வண்டி ஓட்டுறீங்க?"

விசாரணை சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

"வெளிய அத்தனை பேரு நிக்கிறாங்க. ஒருத்தன்கிட்ட கேட்டுட்டு வந்திருக்கலாம்ல? அடுத்தது யாரு?"

வெளியே வந்தபோது அவர் நிழல் மறுபக்கம் நீள ஆரம்பித்திருந்தது. அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

அவர்கள் சாயங்காலம்தான் திரும்பினார்கள். மனைவியின் பாதமெல்லாம் புழுதி. முகத்தில் அவர் இதுவரை பார்க்காத ஒரு சிவப்பு. அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"நானும் பாத்துட்டேன். வேற வாசல் வழியா விட்டாங்க."

"அப்படியா மாமா? அந்த வெளிச்சம் எங்க விழுது?"

"எங்க விழும்? தண்ணியிலதான்."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. உலர்ந்த துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள்.

ரயிலில் எதிர் இருக்கையில் நல்ல உடம்புக்காரியான ஓர் அம்மாள் இருந்தாள். வண்டி நகர்ந்ததும் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"கீழ மண்டபம் பாத்தீங்களாமே? உங்க தம்பி சொன்னாரு. நான் ரெண்டு தடவ வந்தும் நேரம் தப்பிப் போச்சு. அப்படி என்னதாங்க இருக்கு அந்த வெளிச்சத்துல?"

மனைவி கணவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு முன்னால் சாய்ந்து அந்த அம்மாளின் காதோரம் பேசத் தொடங்கினாள். கைகளை விரித்துக் காட்டினாள், குவித்துக் காட்டினாள். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். தண்டவாளச் சத்தத்தில் ஒரு சொல்கூட இந்தப் பக்கம் வந்து சேரவில்லை.

பார்த்துவிட்டேன் என்று சொன்னவர் இனி என்னவென்று கேட்பார்? விசாரணை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்.