யோகண்ணை நிறுத்திய இடம்

பண்டத்தரிப்பில் கோயில் வீதிப் பனையில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தபோது யோகண்ணையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "என்ன பிள்ளை, கொப்பர் இண்டைக்கும் அழுமூஞ்சிப் பாட்டோ?" என்று கேட்டுவிட்டேன். "அப்பா மோசம் போயிட்டார், சித்தப்பா" என்றாள். செத்த மனுசனைப் பற்றி அப்படிக் கேட்டதைத் திரும்ப விழுங்க வழியில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னவளும் அவள்தான்.

உங்களுக்கு அவர் லண்டனிலிருந்து வந்த மனுசன். அங்கே மூன்று வெள்ளைக்காரரோடு பாட்டுக்குழு வைத்திருந்தார். மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. பெரிய பெயரில்லை. சின்ன மண்டபங்கள், மழையில் நனைந்து வந்து நிற்கும் சனம். பாடகன் தனக்குள் கதைப்பதுபோலப் பாடுவான். யோகண்ணையின் கிற்றார், ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர்போல ஒவ்வொன்றாய் விழும். பாடகன் விலக, குழு கலைந்தது.

"உந்தப் பாட்டைக் கலியாண வீட்டிலை போட்டால் மாப்பிள்ளை எழும்பி ஓடிடுவான், அண்ணை" என்றேன் ஒருநாள்.

"ஓடட்டுமடா, பொம்பிளை தப்பிச்சாள்" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "இது அழப்பண்ணுற பாட்டில்லை. அழுகிறவனுக்குப் பக்கத்திலை இருக்கிற பாட்டு."

வாசிகசாலை ஆண்டுவிழாவில் ஒரேயொரு பாட்டு வாசிக்கச் சம்மதித்தார். ஒலிபெருக்கி என்னுடையது. காலையிலேயே வந்து, "நடுவிலை கனநேரம் நிப்பாட்டுவன். முடிஞ்சுதெண்டு வேறை ஒண்டும் போட்டிடாதை" என்றார். ஓம் என்றேன்.

அவர் நிறுத்தினார். சபை மூச்சுவிடாமல் இருந்தது. என் கை சும்மா இருக்கவில்லை. ஆடவைக்கும் பைலாப் பாட்டு ஒன்றைத் தட்டிவிட்டேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அவர் கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்தார். அதன்பிறகு மேடை ஏறவேயில்லை.

நான் தவறுதலாகப் போட்டேன் என்றே இன்றுவரை நினைக்கிறீர்கள். இல்லை. தெரிந்துதான் செய்தேன். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் கேட்டவர்களிடம், "அவனிலை பிழையில்லை, நான்தான் கூடநேரம் நிண்டிட்டன்" என்றார். அடுத்தநாளும் நான் பகிடிதான் விட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

செத்தவீட்டில் தேவாரம் முடிந்ததும், இசைத்தட்டில் இருந்த அதே பாட்டைப் போடச் சொன்னாள் மகள். அந்த இடம் வந்தது. "முடிஞ்சுதோ?" என்று பந்தலுக்குள் யாரோ கேட்டார். "இல்லை, பொறுங்கோ" என்றேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்திருந்தேன். காகம் கத்தியது. மகள் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

பிறகு கிற்றார் வந்தது. இத்தனை வருடம் பகிடி பண்ணிய பாட்டின் பின்பாதியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். யோகண்ணையின் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். அது ஆண்டுவிழாவன்று அவர் கையால் நீங்கள் எல்லோரும் கேட்டிருக்க வேண்டியது.